கரியாச்சியின் பலாக்கொட்டைத் தோல்

காரைக்குடி வட்டாரத்தில் கரியாச்சி எரித்துப் பார்க்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது அன்றைக்கு ஊரில் கிடைக்காத பொருளாகத்தான் இருக்க வேண்டும். வாழைப்பழத் தோல், புளியங்கொட்டை, மெஸ்ஸில் மிஞ்சிய இட்லி, என் தலையணைப் பஞ்சு. கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். விடுதியில் என் அறைத்தோழி. செட்டிநாட்டில் இளம்பெண்ணையும் மரியாதையாக ஆச்சி என்பார்கள். முன்னால் கரியை ஒட்டவைத்தது நாங்கள். டவுன் பஸ் ஏறினால் கோட்டையூரில் அவருடைய வீடு, ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீடு. ஆனாலும் அந்த வீட்டு அடுப்படியில் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கப் போய், முறுக்குச் சுட வந்தவர்களை எல்லாம் முற்றத்துக்கு இருமிக்கொண்டு ஓடவைத்த பிறகு, அம்மாவே பெட்டியைக் கட்டி விடுதிக்கு அனுப்பிவிட்டாராம்.

விஷயம் இதுதான். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் குமிழ்குமிழாக வரும். அதைச் சுலபமாக வரவைக்கப் பிளாட்டினத்துக்கு இணையில்லை. விலையோ கிட்டே போக முடியாது. அதனால் காற்றுப் படாமல் சுட்ட கரியில் நிக்கலைத் துகள்களாகப் பதித்து, அந்த வேலையை மலிவாக வாங்கப் பார்த்தோம். எந்தக் கரி என்பதில்தான் ஆச்சிக்குப் பைத்தியம்.

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். எல்லோரும் மணமேடைப் பக்கம் நிற்க, ஆச்சி சமையற்கட்டில் பலாக்கொட்டை உரித்துப்போட்ட தோலை அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி, கொட்டைய விட்டுட்டுத் தோல எடுக்குறீக?" என்றார் சமையல்காரர்.

"கொட்டை உங்களுக்கு. எனக்குத் தோலு போதும்ணே. கரியாக்கித் தண்ணிக்குள்ள வப்பேன். வாயு வரும்."

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். "அதுக்கு ஏன் இம்புட்டுப் பாடு? கொட்டையத் தின்னாலே வருமே!"

ஆனால் அந்தத் தோல்தான் ஆச்சியைத் தூக்கிவிட்டது. மற்ற கரிகள் மின்சாரம் ஓட ஓடத் தேய்ந்தன. இது ஓட ஓடத் தேறியது. நேற்றைவிட இன்று அதிகக் குமிழ். உதவித்தொகை முடிகிற நேரம் அது. இந்த ஒரு முடிவு நின்றால் ஆச்சி இன்னும் ஓராண்டு இங்கே இருக்கலாம். எங்கள் பேராசிரியர் மகிழ்ந்துபோய், வெளியூர் நிபுணர்களை வந்து பார்க்கச் சொல்லி அழைத்துவிட்டார்.

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பு, மெஸ்ஸில் ஆச்சியின் கை தோசையிலேயே நின்றுவிட்டது.

"ஏண்டி, உழைக்க உழைக்க யாராச்சும் இளமையாவாகளா?"

"நம்ம வார்டன்?"

"வாய மூடிட்டு வா."

சோதனைக் கலத்தில் எதிர்முனையாக வழக்கமாக ஒரு பிளாட்டினக் கம்பி இருக்கும். அதை எடுத்துவிட்டு, பென்சில் போன்ற கிராஃபைட் குச்சியைச் செருகினார். இந்தப் பக்கம் அதே தோல் கரியில் புதிதாக ஒரு முனை. குமிழ்கள் வந்தன, நாம் கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்துபோன சொந்தக்காரரைப் போல, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. மறுநாளும் தேறவில்லை. அந்தப் பிளாட்டினக் கம்பி, கலத்துத் தண்ணீரில் சேர்த்திருந்த அமிலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, எங்கள் கரியில் வந்து உட்கார்ந்துகொண்டு, எல்லா வேலையையும் அதுவே பார்த்திருக்கிறது.

"இதச் சொன்னா நீங்க கிளம்பணுமே ஆச்சி," என்றேன்.

"இரவல் வைரத்தோட்டப் போட்டுக்கிட்டு, என்னுதுன்னு எத்தன நாளைக்குடி தலைய ஆட்டுறது?"

நிபுணர்கள் வந்தார்கள். பேராசிரியர் கலத்தை ஏதோ சாமியைக் காட்டுவதுபோலக் காட்டினார். "எல்லாம் பலாக்கொட்டைத் தோலுங்க!"

"தோலு நல்ல தோலுதான் சார்," என்றார் ஆச்சி. "வேல பாத்தது கம்பி."

பேராசிரியர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். வந்தவர்களில் மூத்தவர் மெல்ல வராந்தாவுக்குப் போய்த் தன் ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டது எங்களுக்கு நன்றாகக் கேட்டது: "ஏம்ப்பா, நம்ம கலத்துல என்ன கம்பி கெடக்கு?"

ஓராண்டு கிடைக்கவில்லை. சுமாராக வந்த உண்மையான எண்களை வைத்து ஆச்சி ஆய்வேட்டை எழுதி முடித்தார். வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எப்போதாவது ஃபோனில் வருவார். நலம் விசாரிக்க மாட்டார். "இன்னைக்கு எதடி சுட்ட?" என்பார். ஃபோனை வைத்த பிறகு அறை இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது எல்லாக் கலத்திலும் கிராஃபைட் குச்சிதான். புதிதாக வந்தவர்களுக்கு ஏனென்று காரணம் தெரியும், ஆச்சியைத் தெரியாது. என் துணிகளில் புகைவாடை இல்லை. தலையணை பத்திரமாக இருக்கிறது. அது அப்படியொன்றும் நல்ல செய்தி இல்லை.

பலாக்காலம் வந்துவிட்டது. மெஸ்ஸில் கொட்டைக் குழம்பு வைக்கிற நாளில் தோலை வாங்கி வந்து, அவருடைய கட்டில் பக்கத்து ஜன்னலில் காயவைக்கிறேன். என் ஆராய்ச்சி வேறு கரியில். எனக்கு அது தேவையில்லை. காய்ந்ததை டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன், கேட்காமல் எடுத்துக்கொள்ள ஆள் வரும் என்பதுபோல.