கொடியில் காய்ந்த இத்தாலி

உதவி செய்தே தீருவது என்று கிளம்பிவிட்ட பட்டதாரி இளைஞனைவிட ஒரு குடும்பத்துக்கு ஆபத்தானது எதுவும் கிடையாது. திருடனாவது கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இவன் போக மாட்டான். ஏனென்றால் இவனுக்கு அதுதான் வீடு.

எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான். ஏழெட்டு வருடம் முன்பு, எழுபதுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கிழக்குத் தாம்பரத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். வேலைதான் இல்லையே தவிர, எனக்கு ஒரு நிமிடம் ஓய்வு கிடையாது. சிற்றலை வானொலியில் ஊர் பெயர் தெரியாத நிலையங்களைப் பிடிப்பேன். தபால் வழியில் ஜெர்மன் படித்தேன். தேனீ வளர்த்தேன் (உதடு வீங்கினதோட சரி).

அந்த வருடம்தான் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் அழவில்லை. மறுவாரமே பள்ளிக்கூடம் போனார், வட்டமும் முக்கோணமும் போட்டார், வீட்டுக்கு வந்தார். சாப்பிட மட்டும் மாட்டார். இரண்டு வாய் எடுப்பார், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். சமைத்துப்போட அவருடைய தங்கை லூர்து அத்தை செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தாள். அத்தையின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“சாம்பார் நல்லா இல்லையாண்ணா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் எழுந்துட்டீங்க?”

“போதும்மா.”

தினமும் இதே உரையாடல்தான். சட்டை அவர்மேல் ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்கியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாத்திரையெல்லாம் அப்புறம் தம்பி. மொதல்ல மனுஷனைச் சாப்பிட வைங்க. இப்படியே போனா தாங்க மாட்டார்” என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் மற்றவர்கள் செபம் செய்வார்கள். நான் தத்துவம் கண்டுபிடிப்பேன். தத்துவம் இதுதான்: சாம்பாரைப் பார்த்தால் அப்பாவுக்கு அம்மாவின் சாம்பார் ஞாபகம் வருகிறது. ரசம், மீன் குழம்பு, உப்புமா எல்லாவற்றிலும் அம்மா இருக்கிறாள். ஆகவே அம்மா இல்லாத ஒரு சாப்பாடு வேண்டும். அவள் செய்யாத, பார்க்காத, பெயர்கூடக் கேள்விப்படாத சாப்பாடு.

பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கை ரெஜினா கேட்டாள்: “அண்ணா, அந்தச் சாப்பாட்டைச் செய்யறது யாரு? நீயா?” (குரலில் இருந்த பீதியை இன்னும் மறக்கலை.)

சமைப்பவனைக் கடவுளே அனுப்பி வைத்தார். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

மின்சார ரயில் தாம்பரத்தோடு முடிந்துவிடும். தூங்கிப்போனவனும் அங்கே இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை இறங்கியவன், முதுகில் மூட்டையும் முகம் நிறையத் தாடியுமாக, நடைமேடையில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன். எழும்பூரில் இறங்க வேண்டியவனாம். அரைகுறை ஆங்கிலத்தில், தான் இத்தாலிக்காரன் என்றான்.

இத்தாலி! சின்ன வயதில் கோயிலில் பூசைக்கு உதவும் பையனாக நான் மனப்பாடம் செய்த லத்தீன் வீணாகப் போகலாமா? நெஞ்சை நிமிர்த்தி, பூசையில் சாமியார் ‘ஆண்டவர் உங்களோடு’ என்று சொல்வதை லத்தீனில், “தோமினுஸ் வோபிஸ்கும்!” என்றேன்.

அவன் ஒரு கணம் ஆடிப்போய், பிறகு பழக்க தோஷத்தில், சபையார் சொல்லும் பதிலாக, “எத் கும் ஸ்பிரித்து துவோ” என்றான். சுற்றி நின்றவர்கள் ஏதோ மந்திரவாதம் நடக்கிறது என்று விலகிக்கொண்டார்கள்.

பெயர் பியெத்ரோ. பஸ்ஸிலும் லாரியிலுமாகப் பல தேசங்களைத் தாண்டி, கன்னியாகுமரியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான். ஊரில் என்ன வேலை என்று கேட்டேன். சமையல்காரன் என்றான். அப்பாவும் சமையல்காரர், சொந்தமாகச் சின்ன ஹோட்டல்.

அந்த இடத்திலேயே ஒப்பந்தம் முடிந்தது. எங்கள் வீட்டில் தங்கலாம். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை அவன் ஊர்ச் சாப்பாடு. “உங்கள் ஊர் வழக்கம் எதுவோ, அப்படியே செய்ய வேண்டும். எங்களுக்காக ஒன்றையும் மாற்றக்கூடாது” என்று கட்டளை போட்டேன். அவன் மார்பில் கைவைத்துச் சத்தியம் செய்தான் (காப்பாத்தவும் செஞ்சான், பாவி). அம்மா இறந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் என் தத்துவம் கெட்டுப்போகாதா?

வீட்டில் அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். “பேரு என்னடா சொன்ன, அமல்?”

“பியெத்ரோ. நம்ம ராயப்பர்தான் அத்தை.”

“ராயப்பரா! மொதப் போப்பாண்டவர் பேரை வெச்சுக்கிட்டு இப்படித் தாடியும் மூட்டையுமாவா?”

“ராயப்பருக்கும் தாடி உண்டு அத்தை.”

அன்றுமுதல் அவன் ‘ராயப்பர் தம்பி’ ஆகிவிட்டான்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் சாமான் வாங்கக் கிளம்பினோம். ஆலிவ் எண்ணெய் இல்லாமல் அடுப்பே பற்றவைக்க மாட்டேன் என்றான் பியெத்ரோ. அது மருந்துக்கடையில்தான் கிடைத்தது, சுண்டுவிரல் உயரச் சீசாக்களில். இருந்ததையெல்லாம் கேட்டேன்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. “வீட்ல கொழந்தையா தம்பி? ரெட்டையா?”

“இல்ல சார், சமையலுக்கு.”

அவர் சீசாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “தம்பி, இது ஒடம்புல தேய்க்கிறது.”

மார்க்கெட்டில் பியெத்ரோ திடீரென்று மோப்பம் பிடித்துக்கொண்டே ஓடினான். பூக்காரம்மாவின் கூடையில் கதம்பத்துக்காக வைத்திருந்த திருநீற்றுப்பச்சிலையை இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தான். கண் கலங்கிவிட்டது. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அவன் ஊரில் அது இல்லாமல் தக்காளியே கிடையாதாம்.

பூக்காரம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: “இன்னாபா இது! தலைல வெச்சிக்கிறத இந்த வெள்ளக்காரரு துன்னுகினு கீறாரு! வூட்ல சோறு போட மாட்டியா நீ?”

சமையலறையில் அவன் வேறு ஆளாகிவிட்டான். மைதாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசைந்தான். அத்தை வாசல்படியில் நின்று, “தண்ணியே ஊத்தலையே, தண்ணியே ஊத்தலையே” என்று செபமாலைபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மாவைச் சப்பாத்திக் கட்டையால் கண்ணாடிபோல் தேய்த்து, நீள நீளமாக நறுக்கி, “காய வைக்க வேண்டும், எங்கே?” என்றான். கொல்லையில் துணி காயப்போடும் கொடியைத் துடைத்துக் கொடுத்தோம்.

கொடி முழுக்க மாவு நாடா. ரெஜினா குடையோடு காக்கா விரட்டினாள். பக்கத்து வீட்டம்மா மதிலுக்குமேல் எட்டிப் பார்த்து, “என்னம்மா ரெஜினா, இத்தனை பாவாடை நாடாவைத் தோய்ச்சுப் போட்டிருக்கீங்க?” என்றாள். அதற்குப் பதில் சொல்லத் திரும்பிய நேரத்தில் ஒரு காக்கா ஒரு நாடாவைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. எங்கள் தெருவில் இத்தாலியச் சாப்பாட்டை முதலில் ருசித்தது அதுதான்.

மத்தியானம் எல்லோரும் மேசையில் உட்கார்ந்தோம். பியெத்ரோ அத்தையின் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலில் வாட்டிய ரொட்டித் துண்டுகளைக் கொண்டுவந்தான். மேலே பூண்டும் தக்காளியும். வைத்துவிட்டு உள்ளே போனான்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். சமைத்தது எல்லாம் மேசைக்கு வந்தாக வேண்டும். அதன் பிறகு அப்பா சிலுவை போட்டு உணவுச் செபம் சொல்வார். செபம் முடிந்து அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். கூட்டும் பொரியலும் வராமல் குழம்பை மட்டும் பிசைந்து அடித்துவிட்டுப் போகிற வீடு எங்காவது உண்டா? ஆகவே காத்திருந்தோம்.

பியெத்ரோவின் ஊர்ச் சட்டம் நேர் எதிர். ஒன்றைச் சாப்பிட்டு முடித்தால்தான் அடுத்தது வரும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை இதுவும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமா?

உள்ளே அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சத்தமே இல்லை. வாய் நிறைய ரொட்டி என்று சந்தோஷப்பட்டு, நாடாக்களை வேகவைத்து, தக்காளிச் சாறில் புரட்டி, பச்சிலை தூவி எடுத்து வந்தான். ரொட்டி அப்படியே இருந்தது. அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. தட்டுகளில் நாடாவைப் பரிமாறிவிட்டு உள்ளே போனான்.

“இன்னும் என்னடா வரணும்?” என்று அத்தை கிசுகிசுத்தாள்.

“கோழி அத்தை.”

“சோறு?”

“சோறு கிடையாது.”

“மாதாவே!”

நாங்கள் கோழிக்காகக் காத்திருந்தோம். கோழி, தட்டு காலியாவதற்காக அடுப்பில் காத்திருந்தது. நாடாக்கள் ஆறி, ஒன்றோடொன்று ஒட்டி, தாம்புக்கயிறாக முறுக்கிக்கொண்டன. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் சிரித்த முகமாக, “இத்தாலியில எல்லாமே நிதானம்பா” என்று விளக்கிக்கொண்டிருந்தேன். (யார் கேட்டாங்க?)

கதவு படாரென்று திறந்தது. பியெத்ரோ எங்கள் தட்டுகளைப் பார்த்தான், ஒவ்வொன்றாக. துண்டை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தான். காலையிலிருந்து நின்ற காலோடு சமைத்தவன். அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“என்ன இது? யாரும் தொடவில்லை! இந்த வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா?” என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா நிமிர்ந்தார். வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதுபோல, தெளிவான ஆங்கிலத்தில், “ஆமாம். என் மனைவி” என்றார்.

அம்மா போன பிறகு அவர் அவளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

பியெத்ரோ அப்படியே நாற்காலியில் சரிந்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். வேலைக்குப் போன இத்தனை வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு ஈடாகாது. நான் திக்கித் திக்கி எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். அவன் திக்கித் திக்கித் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னான்.

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். அவன் தலையாட்டினான், இல்லை என்று.

அப்பா எழுந்துபோய், தானே ஒரு தட்டு எடுத்துவந்து, ஆறிப்போன நாடாவைப் பிய்த்து அவனுக்கு வைத்தார். சிலுவை போட்டுச் செபம் சொன்னார். கை வைத்தார். முள்கரண்டி எங்கள் வீட்டில் ஏது? சாம்பார் சாதம் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்து, உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். பியெத்ரோ கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஒரு வாய். இரண்டு வாய். மூன்றாவது உருண்டையும் போயிற்று. தட்டு பாதி காலியானது.

அப்பா மென்றுகொண்டே எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

என் தத்துவம் அந்த மேசையிலேயே உயிரை விட்டது. அம்மா கண்ணால்கூடக் கண்டிராத சாப்பாடு! அதையும் அவள் இன்னும் நன்றாகச் செய்திருப்பாளாம்!

பியெத்ரோ, என்ன சொல்கிறார் என்று கேட்டான். புத்திசாலியாக இருந்தால் மழுப்பியிருப்பேன். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கள் ஹோட்டலுக்கு வரும் கிழவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள் என்றான். சொல்லிவிட்டு முழுத் தட்டையும் சாப்பிடுவார்களாம்.

அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது. கோழி! அத்தை ஓடினாள். சட்டியில் இருந்தது கரி. அப்பா அதிலும் ஒரு துண்டு வாங்கிக் கடித்துப் பார்த்து, “இதுவும்தான்” என்றார். ரெஜினாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து அப்பா சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது, தோள் குலுங்கியது, அதற்குப் பிறகு அது சிரிப்பாக இல்லை. தக்காளி ஒட்டிய கையை மேசையிலேயே வைத்துக்கொண்டு அவர் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. பியெத்ரோ தலையைக் குனிந்தபடி, ஆறிய ரொட்டியைச் சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தான்.

மறுநாள் அவன் தெற்கே போகும் ரயிலில் ஏறினான். அப்பா அன்று ராத்திரி அத்தையின் ரசத்தைச் சாப்பிட்டார். “அவ வெச்சா மிளகு தூக்கலா இருக்கும்” என்றார். இன்னொரு கரண்டி கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு எந்தச் சாப்பாட்டுக்கும் வேறு பாராட்டு கிடையாது. ரெஜினா கல்யாண பிரியாணிக்கும் அதேதான். சமையல்காரர் அப்பாவோடு சண்டைக்கு வந்துவிட்டார்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி செலின் எங்கள் வீட்டில் முதல்முதலாக மீன் குழம்பு வைத்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்கும்மா. அவ செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார். செலினுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவள் எழுந்து ஓடுவதற்குள் லூர்து அத்தை கட்டிப் பிடித்துக்கொண்டு, “பாஸாயிட்ட, பாஸாயிட்ட!” என்று கூவினாள். கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டுபோய் நான் முழுக் கதையையும் சொன்னேன். அழுகை நிற்பதற்குப் பதிலாக அதிகமாயிற்று.

இப்போதெல்லாம் கரண்டியும் கையுமாக அவள் என்னிடம் கேட்கிறாள்: “ஏங்க, உங்கம்மா இருந்தா இதுல என்ன பண்ணியிருப்பாங்க?” எனக்குத் தெரியாது. அம்மா இருந்தவரைக்கும் நான் சமையலறைப் பக்கமே போனதில்லை. அவள் அப்பாவிடம் போகிறாள். அவர் கரண்டியில் ஒரு சொட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கிறார்.

“புளி இன்னும் கொஞ்சம்” என்கிறார்.

அம்மாவை ஒரு தடவைகூடப் பார்த்திராத செலின், உள்ளே போய்ப் புளி கரைக்கிறாள்.