மாப்பிள்ளை முட்டையை விட்டு எழுந்திரிக்க வேண்டாம்

அடைகாக்கும் மாவீரன், எங்கள் வீட்டுச் செல்ல மாப்பிள்ளை அவர்களுக்கு, உன் அக்காள் புருஷனும் ஐங்கோள் மன்றத்தில் நாற்காலி போடுகிறவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள், வீட்டுக் கூரை எல்லாரும் இருந்த இடத்தில் இருக்கிறோம். அதேபோல் அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் நாலு முட்டைகளும் இருந்த இடத்திலேயே கதகதப்பாக இருக்க வேண்டுகிறேன். முக்கியமாக நீ. எழுந்துவிடாதே.

"உடனே புறப்பட்டு வா, உலகம் போகிறது" என்று மன்றத்திலிருந்து உனக்கு அஞ்சு தந்தி வந்திருக்கும். அஞ்சிலும் வாசகம் ஒன்றேதான். ஆனால் ஒவ்வொருத்தரும் "நான்தான் முதலில் அனுப்பினேன்" என்று கீழே கோடு போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் முட்டைக்கு அடியில் மெத்தையாகப் போட்டுக்கொள். உலகம் போகவில்லை. நீ இல்லாமலே காரியம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேட்டால் அஞ்சு கையாலும் தலையில் அடித்துக்கொள்வாய். வேண்டாம், ரெண்டு கை முட்டைமேல் இருக்கட்டும், மிச்ச மூணால் அடித்துக்கொள்.

நம் வம்சத்தில் ஆம்பிளைதான் நாற்பது நாள் அடைகாக்க வேண்டும், நடுவில் எழுந்தால் முட்டை ஆறிவிடும், ஆறினால் குஞ்சு கிடையாது என்று தலைவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். "நாலு முட்டைக்காக அஞ்சு கோளா?" என்று கேட்டார்கள். அது உன் அக்காள் காதில் விழுந்தது. மன்ற வாசலில் போய் நின்றுகொண்டு, "அந்த நாலும் என் மருமகப் பிள்ளைங்க. என் தம்பியை எவனாவது எழுப்பினீங்க, உலகத்தை முழுங்க வந்திருக்கே, அது முழுங்கறதுக்கு முன்னாடி நானே உங்களை முழுங்கிடுவேன்" என்றாள். அதற்குப் பிறகு உன்னைக் கூட்டிவர ஒருத்தரும் கிளம்பவில்லை. அவளோடு குடித்தனம் பண்ணுகிற எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

வந்ததன் பெயர் வாய். பேர் வைத்தவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. கண், மூக்கு, உடம்பு ஒன்றும் கிடையாது, வெறும் வாய்தான். போன வாரம் பக்கத்துச் சூரியனைக் கொறித்தது, நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கே விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. அடுத்தது நாம்தான். அதைத் தடுக்க நம் அஞ்சு கோளையும் சுற்றி இருக்கிற வேலியை மூட வேண்டும். மூடுகிற சங்கதி உனக்குத் தெரியும். மன்றச் சுவரில் தலைவருக்கு ஒன்றாக அஞ்சு நெம்புகோல், அஞ்சையும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும், ஒருத்தரே மூடி மற்றவர்களை வெளியே நிறுத்திவிடக் கூடாது என்று அந்தக் காலத்துத் தலைவர்கள் பண்ணின ஏற்பாடு. இத்தனை வருஷம் நீ வந்து அஞ்சு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போனாய். ஊரெல்லாம் உன்னை மாவீரன் என்கிறது. எனக்குத் தெரிந்து உன் வீரம் எல்லாம் உன் அக்காளுக்கும் எனக்கும் இல்லாத அஞ்சு கை உனக்கு இருந்ததுதான். கோபப்படாதே, கோபத்தில் எழுந்துவிடுவாய்.

நீ இல்லையா, அவரவர் நெம்புகோலை அவரவர் இழுப்பது என்று முடிவாயிற்று. அந்த ஒரு முடிவுக்கே ரெண்டு நாள். அப்புறம் யார் எண்ணுவது என்று ஆரம்பித்தது.

"நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன், எல்லாரும் இழுங்க" என்றார் கல்மூஞ்சியார்.

"நீங்க சொல்லி நாங்க இழுக்கணுமா? நாங்க என்ன உங்க வீட்டு வேலைக்காரங்களா?" என்று புகையம்மா ஜாடியிலிருந்து புஸ்ஸென்று கிளம்பினாள்.

"அப்போ நான் எண்ணுறேன்" என்றது முத்தலையாரின் முதல் தலை. "நீ யாருடா எண்ணுறதுக்கு?" என்றது அவருடைய ரெண்டாவது தலை. மூணாவது தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்க ஊர்ல சைபர்லேருந்துதான் எண்ணுவோம்" என்றார் தொட்டிக்காரர், தண்ணீருக்குள்ளிருந்து.

"எல்லாரையும்விட உயரமான நாற்காலி குடுங்க, எப்படி வேணா எண்ணுங்க" என்றார் கட்டைவிரல் உசரமே இருக்கிற கட்டைவிரலார்.

உடனே அஞ்சு பேரும் படாரென்று எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி வெளிநடப்பு செய்தார்கள். கட்டைவிரலாருக்கு மட்டும் தள்ள வலு கிடையாது, அவர் எழுந்தவுடன் அவர் நாற்காலியை நான்தான் பின்னால் இழுத்துச் சாய்க்க வேண்டும். அது என் உத்தியோகத்தில் சேர்த்தி. விழுந்ததை நிமிர்த்துவதும் சேர்த்தி. இருபத்திரண்டு வருஷமாக நிமிர்த்துகிறேன் மாப்பிள்ளை, அன்றைக்கு மூணாவது நாற்காலியை நிமிர்த்தும்போதுதான் பொறி தட்டியது. இவர்கள் ஐந்து பேரும் ஒரே நொடியில் சேர்ந்து செய்கிற காரியம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான்! மற்றவர் முதலில் வெளிநடப்பு செய்து பேர் வாங்கிவிடக் கூடாதே என்று ஒருத்தர் முட்டியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முட்டி அசைந்தால் அத்தனையும் எழும்.

வீட்டுக்கு ஓடினேன். உன் அக்காள் துணி காயப்போட்டிருந்த கொடிக்கயிற்றை ஈரத்துணியோடு அவிழ்த்துக்கொண்டு வந்து, அஞ்சு துண்டாக்கி, ஒவ்வொரு நாற்காலி முதுகையும் அதற்கு நேர் பின்னால் சுவரில் உயரத்தில் இருந்த நெம்புகோலோடு இழுத்துக் கட்டினேன். நாற்காலி சாய்ந்தால் நெம்புகோல் இறங்கும். இனி அவர்கள் சண்டை போட வேண்டியதுதான் பாக்கி.

சண்டை போடவில்லை! மறுநாள் காலை வாய் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் உள்நாக்குகூட எனக்குத் தெரிந்தது. தலைவர்கள் பயத்தில் ஊமையாகிவிட்டார்கள். முத்தலையாரின் மூணு தலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் மன்றம் அமைதியாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. நாம் செத்தோம், உன் நாலு முட்டையும் செத்தது என்று நினைத்தேன். அப்புறம் மூலையில் கிடந்த உன் நாற்காலி கண்ணில் பட்டது. தரதரவென்று இழுத்துவந்து நட்டநடுவில் போட்டு, மேல்துண்டால் தூசி தட்டி, கட்டைவிரலாரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன்:

"ஐயாமாரே, மாவீரன் இடம் காலியா இருக்கு. உங்கள்ள பெரியவங்க யாரோ, அவங்க வந்து உட்காருங்க."

ஒரு மூச்சு விடுகிற நேரம். எனக்குத் தெரியும், கல்மூஞ்சியாரின் முட்டிதான் முதலில் அசைந்தது. அடுத்த நொடி அஞ்சு நாற்காலியும் மல்லாந்தன, அவற்றில் ஒன்றை இழுத்தது என் கை. அஞ்சு நெம்புகோலும் இறங்கின. வேலி 'டமார்' என்று மூடியது, வாய் அதைக் கடித்து, முன்பல் ஒன்று உடைந்து, 'ஊ'வென்று அழுதுகொண்டு போயே போய்விட்டது. அந்தப் பல் இப்போது நம் கொல்லையில் கிடக்கிறது. உன் அக்காள் அதில்தான் துணி காயப்போடுகிறாள்.

ஆகையால் மாப்பிள்ளை, இனிமேல் இங்கே உன் தயவு யாருக்கும் தேவையில்லை. இருபத்திரண்டு நாள் முடித்துவிட்டாய், இன்னும் பதினெட்டே நாள். முதுகு வலித்தால் பக்கவாட்டில் சாய்ந்துகொள். உன் பெண்டாட்டிக்கு எங்கள் விசாரிப்பு. முட்டைகள் நாலுக்கும் மாமாவின் ஆசீர்வாதம், ஓடு விட்டு வரும்போது உன் மூஞ்சி இல்லாமல் உன் அக்காள் மூஞ்சியாக வரட்டும்.

இப்படிக்கு,
உன் கையில் ஒன்றைக்கூடக் கடன் வாங்காமல் உலகத்தைக் காப்பாற்றிய உன் மச்சான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். வாய் அழுதுகொண்டு போனது அதன் அம்மாவிடமாம். அம்மா கிளம்பிவிட்டது, ஒன்பது நாளில் வந்துவிடும். பல் பட்ட வேலி திறந்துகொண்டது, மறுபடி மூட வேண்டும். இங்கே நிலைமை ரொம்ப மோசம்: தலைவர்கள் ஐந்து பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். தங்கள் ஒற்றுமைதான் வேலியை மூடியதாம், கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நெம்புகோல் பக்கம் போனால் "நீங்க முதல்ல இழுங்க", "ஐயோ, நீங்க முதல்ல" என்று சாயங்காலம் வரைக்கும் உபசாரம். உன் நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன், ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஐந்து பேரும் அதில் உட்கார்ந்துகொண்டார்கள். நாற்காலியில் கயிறு கட்டினபடியேதான் இருக்கிறது, ஆனால் என் கிண்டலெல்லாம் பலிக்கவில்லை. நீதான் காப்பாற்ற வேண்டும். எழுந்திரிக்காதே, உட்கார்ந்தபடியே அஞ்சு கையாலும் அஞ்சு பேருக்கு அஞ்சு கடிதம் எழுது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம் போதும்: "மற்ற நாலு பேரும் உங்களைப் பற்றிச் சொன்னதை நான் நம்பவில்லை."