மேண்டில் மட்டும்தான் பாக்கி

குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கி அன்று நாற்பத்திரண்டாவது நாள். தையல்காரம்மா நிரம்பிய வாளியை நகர்த்திக் காலி வாளியை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவள் துணி வெட்டுகிற மேசையில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் கணவர்.

"ஏங்க, கீழ்வீட்டம்மா மறுபடியும் வந்துட்டாங்க. அவங்க கூரையெல்லாம் ஈரமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுகுறது நிக்கலைன்னா ஓனர்கிட்ட சொல்லி நம்மளக் காலி பண்ண வைப்பாங்களாம்."

"ஒரு நேரத்துல ஒரு வேலைதான். லைட் எரியட்டும், மறுநாளே குழாய்."

"ஒரு பிளம்பரைக் கூப்பிட்டா..."

"நான் உயிரோட இருக்கும்போது என் வீட்டுக் குழாயில வெளியாள் கை வைக்கிறதா?"

வந்த பிளம்பரை வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அந்த விளக்கைப் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்தார். அதன் பம்ப்புக்குத் தோல் வாஷர் போட்டார். மண்ணெண்ணெய் டேங்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். தேய்த்த துணி, யாரோ ரவிக்கை தைக்கக் கொடுத்த பட்டு. அதற்கும் அவள்தான் பதில் சொன்னாள். இப்போது மேண்டில் மட்டும்தான் பாக்கி. தீ எரிகிற இடத்தில் கட்டும் சின்ன வலைப்பை. அது இருந்தால்தான் வெளிச்சம். விளக்கோடு வந்தது வெறும் கிழிசல்.

தினமும் சாயங்காலம் முக்குக் கடைக்குப் போவார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார்.

"இன்னும் சரக்கு வரலையாம்."

"நான் போய்க் கேக்கட்டுமா?"

"உனக்கு அளவு தெரியாது. எதையாவது வாங்கிட்டு வந்து நிப்பே."

அளவா தெரியாது? இருபது வருஷமாக ஊருக்கே அளவெடுக்கிறவளுக்கா? அவருக்குத் தெரியாமல் கிழிசலைப் பிரித்து அளந்து, கொசுவலைத் துணியில் அச்சு அசலாக ஒரு மேண்டில் தைத்தாள்.

"கட்டுங்க!"

அவர் முகம் ஏனோ வெளுத்தது. வேறு வழியில்லாமல் கட்டி, பம்ப் அடித்துப் பற்றவைத்தார். வலை ஒரு நொடியில் உருகி ஒழுகியது. தீ குபுக்கென்று எழும்ப, விளக்குக் கண்ணாடி விரிசல் விட்டது. ஜன்னல் திரை பொசுங்கியது.

திட்டுவார் என்று அவள் ஒதுங்கி நின்றாள். அவரோ உற்சாகமாகக் கையைத் தட்டிக்கொண்டார்.

"போச்சு! இனிமே கண்ணாடியும் தேடணும். ரெண்டு மாசமாவது ஆகும்."

இரண்டு மாசம்! அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மறுநாள் சனிக்கிழமை. அவர் குளிக்கப் போனதும், கிழிசலை முந்தானையில் முடிந்துகொண்டு முக்குக் கடைக்கு நடந்தாள். கல்லாவில் கடைக்காரரின் மனைவி இருந்தாள்.

"அவர் டவுனுக்குப் போயிருக்கார். என்ன வேணும்?"

"இந்த மேண்டில் எப்பங்க வரும்? எங்க வீட்டுக்காரர் தினமும் நடையா நடக்கிறார்."

"அட, லைட் சாரோட வீட்டம்மாவா நீங்க!" கடைக்காரி முகமெல்லாம் சிரிப்பாக அலமாரியைத் திறந்து, ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தாள். "ஒரு டஜன் இருக்கு. போன மாசமே காசு கொடுத்துட்டு இங்கேயே வச்சிருக்கச் சொல்லிட்டார். லைட் எரிஞ்சா மறுநாளே குழாயில கை வைக்கணுமாம். பாவம், அந்த வேலைதான் அவருக்குத் தெரியாதாமே!"