கலவை அறையில் நின்ற பூட்ஸ்

விஸ்வநத்தத்திலிருந்து திருத்தங்கல் போகும் சாலையில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தேன். நடந்துதான் போனேன். (ஓடினேன் என்று ஆலையில் மருந்து சலிக்கும் லூர்தக்கா கடைசிவரை சாதித்தார்.) கழுத்தில் டை இருந்தது. கணுக்காலில் சாக்ஸ் இருந்தது. அதற்குக் கீழே சரளைக்கல்தான். பூட்ஸ், நான் விட்டுவந்த பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் நின்றது.

அன்று காலைவரை நான் இஞ்சினியர். அதாவது, அப்படிச் சொல்லிக்கொண்டேன். ரங்கூனில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கட்டடப் பிளான் வரையும் ஒருவரிடம் பென்சில் சீவினேன், மை கரைத்தேன், அவர் சாப்பிடப் போன நேரத்தில் கோடு போட்டேன். அங்கே பிழைப்பு கெட்டுக் கப்பலேறி வந்து, மதுரை, விருதுநகர் என்று கிடைத்த வேலையைச் செய்து அலைந்தேன். கையில் சான்றிதழ் இல்லை. காலில் பிளான்காரர் கழித்துப்போட்ட பூட்ஸ் இருந்தது. அடியில் முழுக்க இரும்பு ஆணி. நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். விருதுநகர் வியாபாரி ஒருவர் அப்படித்தான் பார்த்தார்.

"தம்பி ரங்கூனா? நம்ம மச்சினன் பட்டாசுக் கம்பெனியில புதுசா ஷெட்டு போடணும்ங்கான். தங்க ரூமும் உண்டு. போய்ப் பாக்கீகளா?"

நான் அப்போது பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். "பார்க்கலாம்," என்றேன், பெரிய மனது பண்ணி.

ஆலை வாசலில் காவல்காரர் கும்பிட்டார். "ஐயா, செருப்பு, தீப்பெட்டி எல்லாம் இங்கன வச்சிட்டுப் போகணும்."

"இஞ்சினியருக்குமா?" என்றேன்.

அவர் குழம்பிப்போய் வழிவிட்டார். எனக்கு அகம்பாவமெல்லாம் இல்லை. என் சாக்ஸுக்கு அடிப்பாகம் கிடையாது, அதுதான். (மேல்பாகம் பட்டு மாதிரி இருக்கும்.)

அளவெடுக்கலாம் என்று, திறந்திருந்த முதல் அறைக்குள் டக்டக்கென்று நுழைந்தேன். சிமெண்டுத் தரையெங்கும் சாம்பல் நிறப் பொடி. உள்ளே ஒரு போர்மேனும், மருந்து சலித்துக்கொண்டிருந்த லூர்து என்ற அம்மாளும் இருந்தார்கள். இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்கள். சல்லடை நின்றது.

போர்மேன் கோயிலுக்குள் பேசும் குரலில் சொன்னார். "ஐயா, காலைத் தூக்காதீக. தேய்க்காதீக. அப்படியே நில்லுங்க."

"ஏன்?"

"ஆணி உரசி ஒரு பொறி வந்துச்சுன்னா, நம்ம மூணு பேரையும் வாரியல்லதான் கூட்டி அள்ளணும்."

என் முழங்கால் ஆடத் தொடங்கியது. முழங்கால் ஆடினால் பாதம் ஆடும். பாதம் ஆடினால் ஆணி உரசும். அதை நினைத்ததும் இன்னும் வேகமாக ஆடியது.

"கையில என்ன?"

"அளவு டேப்பு."

"இரும்பா?"

"ஆமா."

"கீழ போட்டுறாதீக."

அதுவரை அதைக் கீழே போடும் எண்ணமே எனக்கு இல்லை. அவர் சொன்னபின் விரல்களுக்கு வேறு நினைப்பே இல்லை.

லூர்தக்கா எழுந்தார். "மாதாவே," என்று மட்டும் சொல்லி டேப்பை வாங்கி மடியில் சொருகினார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். அறுந்த இடத்திலெல்லாம் நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

"ஏலே, இது கயிறா, குருவிக்கூடா?"

ஐயா ஏலே ஆனதை அப்போது நான் கவனிக்கவில்லை. கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும், நாற்றுப் பிடுங்குவதுபோல என்னைப் பூட்ஸிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மற்ற அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இஞ்சினியருக்கு அஸ்திவாரமே இல்லயே லே," என்றது ஒரு குரல்.

இறக்கிவிட்டதும் கிளம்பியவன்தான்.

பிற்பாடு பினாங்குக்குப் போய், இரவுப் பள்ளியில் படித்து, பரீட்சைகளில் தோற்றுத் தோற்று, நிஜமாகவே கட்டடக்கலைஞன் ஆனேன். எந்தப் பிளானிலும் வெளியே ஓடும் வழியைத்தான் முதலில் வரைவேன். நான் கட்டிய வீட்டுக்குப் புதுமனை விழா என்றால், வாசலில் எல்லார் முன்னாலும் என் மகள் கேட்பாள்: "அப்பா, நடந்து வர்றீங்களா, தூக்கிட்டுப் போகணுமா?"

அன்றைக்குத் திருத்தங்கல் போகும் பாதி வழியில் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. போர்மேன். ஹேண்டில்பாரில் என் பூட்ஸ் தொங்கியது.

"ஏலே, நில்லு. முதலாளி கூப்பிடுதாக."

"போலீஸா?"

"வேலைக்குலே. ஷெட்டு கட்ட இல்ல, வாசல் காவலுக்கு. இம்புட்டு பயந்தவனை அவுக பாத்ததே இல்லையாம். நீ உக்காந்தா ஒரு ஆணி உள்ள போகாதுங்காக."

"பழைய காவல்காரர்?"

"தண்ணித் தொட்டிக்கு மாத்தியாச்சு. ஒன்னைய வைதுக்கிட்டேதான் தண்ணி ஊத்துதாரு."

தங்க அறை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை, வெறுங்காலோடு வாசலில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது முதலாளி. புதுச் செருப்பு. என் கும்பிடை வாங்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்.

"ஐயா, செருப்பை இங்கே வச்சிட்டுப் போங்க."

"முதலாளிக்குமாலே?"

என் முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.