ஒரு வருஷச் சான்றிதழும் பத்து சதவீதச் சேதாரமும்

மரச்சாமான் பட்டறையில் எஸ்டிமேட் போடுகிறவர் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதே கிடையாது. வேண்டாத வாடிக்கையாளர் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். டீ வாங்கிக் கொடுப்பார். நீள அகலமெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரு தாளில் விலை போட்டு நீட்டுவார். வந்தவர் தாளைப் பார்ப்பார், ஒரு மாதிரி விழிப்பார், "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போவார். போனவர் போனவர்தான்.

இதுவரை இருபது பேரையாவது அப்படி அனுப்பியிருப்பார். ஒரே ஒருத்தரிடம்தான் கை தவறியது. மாடிப்படிக்கு அடியில் வளைந்து போகிற மாதிரி அலமாரி கேட்டவர், தாளைப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லிவிட்டார். அந்த அலமாரியைச் செய்து முடிப்பதற்குள் இரண்டு தச்சர்கள் வேலையை விட்டே ஓடிப்போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். ஒரு வருஷம், வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை வகுப்பு. புதன்கிழமை கடைசி நாள்.

"பன்னெண்டாவது முடிச்சு பதினோரு வருஷம் ஆச்சுங்க" என்றாள். "இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும். அப்புறம் சேர்த்துக்க மாட்டாங்களாம்."

அவர் தன் மாலை நேரத்தை நினைத்துப் பார்த்தார். ஐந்தரைக்கு வீடு வந்தால் டீ. ஏழு மணிக்குச் சூடாகச் சாப்பாடு. நடுவில் காலை நீட்டி உட்காருவது. இந்த மூன்றில் எது போனாலும் அவர் அவராக இருக்க மாட்டார். முடியாது என்று சொன்னால் மனைவி அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள். பேசாமல் இருப்பாள். அதைத் தாங்க அவரால் ஆகாது.

அதனால் தொழில்முறையிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தார். தான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, தாள் சொல்லட்டும்.

"நல்ல விஷயம்தான்" என்றார். "ஆனா எதுக்கும் ஒரு எஸ்டிமேட் போட்டுப் பார்த்துடுவோம்."

"போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் அது காதில்தான் இருக்கும். கட்டணம் பதினெட்டாயிரம். தேர்வுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. புத்தகம் இரண்டாயிரத்து நானூறு. பஸ் செலவு ஆறாயிரம். அட்டை, சாக்பீஸ், பசை எல்லாம் சேர்த்து ஆயிரம். கூட்டினால் இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். இது போதாது. பட்டறையில் மரத்துக்குப் போடுவது போலப் பத்து சதவீதம் சேதாரம் போட்டார். முப்பத்தோராயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. அப்படியும் தாளில் ஒரு பயம் வரவில்லை.

அப்போதுதான் பளிச்சென்று பட்டது. அவள் வகுப்புக்குப் போகிற நேரத்தில் சமைக்க ஓர் ஆள், மகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பாத்திரம் கழுவ ஓர் ஆள். மாதம் ஆறாயிரம். பன்னிரண்டு மாதத்துக்கு எழுபத்திரண்டாயிரம். மொத்தம் லட்சத்தைத் தாண்டி ஒய்யாரமாக நின்றது. கீழே "வரவு" என்று எழுதி, எதிரே "இல்லை" என்று போட்டார். தேதி போட்டார். பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் பேனாவால் அழுத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டு, பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார்.

மனைவி துணியை ஓரமாக வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் படித்தாள். அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழிக்கிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்தார். அவள் விழிக்கவில்லை.

"இந்த வரவு ஏங்க இல்லை?"

"வேலை முடிஞ்சு டெலிவரி கொடுக்கிற அன்னைக்கே எஸ்டிமேட் முடிஞ்சுடும். அதான் முறை. படிக்கிற வருஷத்துல உனக்கு என்ன வருமானம்?"

"படிச்சு முடிச்சா நம்ம பாப்பா ஸ்கூல்லயே மாசம் ஒன்பதாயிரம் தர்றாங்களே."

"அது எஸ்டிமேட்ல வராது."

"வேற எங்க வரும்?"

"வீட்டுக்கு வரும்" என்றார் யோசிக்காமல். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

"தேர்வுக் கட்டணத்துல சேதாரம் எப்படிங்க வரும்?"

"ஃபெயிலாயிட்டா திரும்பக் கட்டணும்ல."

"ஆக மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சேதாரத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். அது அவருடைய சொந்த உடம்பில் இழுத்த கோடு மாதிரி இருந்தது.

"இந்த ஆறாயிரம் யாருக்கு?"

"ஆள் வைக்க வேண்டாமா? சும்மா வருவாங்களா?"

"ஆறு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்லதான்... ஆனா நான் நாள் முழுக்க உழைச்சுட்டு வர்றவன்."

"அது சரிங்க. நான் ஒண்ணு தெரியாமத்தான் கேக்கறேன். பட்டறையில வெளியாள் வைக்காம நம்ம ஆளே ஒரு வேலையைச் செஞ்சா, எப்படி எழுதுவீங்க?"

தொழில் சந்தேகம் கேட்டால் அவருக்குத் தன்னை மறந்து பதில் வந்துவிடும். "சொந்த உழைப்புன்னு எழுதிட்டுத் தொகை கட்டத்துல ஒரு கோடு போட்டுருவோம். ஏன்னா அதுல பைசா வெளியில போகலையே."

"அப்படியா" என்று சொல்லி, எழுபத்திரண்டாயிரத்தின் மேல் இரண்டாவது கோட்டை இழுத்தாள். பக்கத்தில் குண்டு குண்டாக "சொந்த உழைப்பு" என்றும் எழுதினாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள்.

"இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். வேலைல சேர்ந்தா நாலாவது மாசச் சம்பளத்துல போட்ட முதல் திரும்பிடும். உங்க பட்டறையில வாங்கின இழைப்பு மெஷினுக்கு முதல் திரும்ப எத்தனை வருஷம்னு சொன்னீங்க?"

"நாலு வருஷம்" என்றார் மெல்ல. அந்த மெஷினை வாங்கச் சொல்லி முதலாளியோடு ஒரு மாதம் வாதாடியவர் அவர்தான். இதைச் செலவென்று நினைக்காதீர்கள், காலத்துக்கும் சம்பாதித்துக் கொடுக்கும் என்று சொன்னதை வீட்டிலும் வந்து நான்கு தடவை சொல்லியிருந்தார். மனைவி அப்போது பேசாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

கடைசித் துருப்பை இறக்கினார். "எல்லாம் சரிம்மா. கட்டறதுக்குக் கையில பணம் வேணுமே. எங்க போறது?"

"மாசாமாசம் ஆளுக்குக் கொடுக்க ஆறாயிரம் வச்சிருந்தீங்களே. அதை எடுத்து ஃபீஸுக்குக் கட்டுங்க. அஞ்சு மாசத்துல முடிஞ்சுடும். அஞ்சு தவணைன்னு விண்ணப்பத்துலயே போட்டிருக்காங்க."

"அது... ஒரு பேச்சுக்கு எழுதினதும்மா."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

அவர் கையெழுத்தைப் பார்த்தார். இருபது வருஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளிலிருந்து அவர் பின்வாங்கியதில்லை. வளைந்த அலமாரிக்குக்கூடப் பின்வாங்கவில்லை. முதலாளி அந்த அலமாரி நஷ்டத்தைச் சொல்லிச் சொல்லியே சம்பள உயர்வு கொடுக்காமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி தாளை நான்காக மடித்தாள். "சரி" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு மாடிப்படி அலமாரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

புதன்கிழமை அவரே போய் வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து சொந்த உழைப்பு தொடங்கியது. முதல் வாரம் முட்டை, இரண்டாம் வாரமும் முட்டை. மகள் ஐந்தாம் வகுப்பு. சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, அம்மா இவ்ளோ உப்பு போட மாட்டாங்க" என்று மேற்பார்வை பார்த்தாள். கத்தரிக்காயைக்கூட அங்குலக் கணக்கில் அளந்து நறுக்கியதால் சாப்பாடு ஏழு மணிக்கு ஆகவேண்டியது எட்டரைக்கு ஆயிற்று. அதற்குள் மனைவி வந்துவிடுவாள். விரலிலெல்லாம் சாக்பீஸ் தூள். சாப்பிடும்போது அன்றைக்கு நடந்த பாடத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். இத்தனை வார்த்தை அவளுக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். சொன்னால் எஸ்டிமேட் தவறென்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று உப்பைத் தள்ளி வைப்பார்.

பத்தாவது மாதம் மனைவியைப் பயிற்சி வகுப்பெடுக்க அனுப்பினார்கள். மகள் படிக்கிற பள்ளிக்கூடம், மகளின் வகுப்பேதான். அன்று மாலை அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் ஒரு தாளோடு வந்தாள்.

"அப்பா, இன்னைக்கு அம்மாதான் எங்களுக்குக் கணக்கு எடுத்தாங்க. வீட்டுப்பாடமும் கொடுத்திருக்காங்க. ஒரு எஸ்டிமேட்காரர் போட்ட கணக்காம். மூணு தப்பு இருக்கு, கண்டுபிடிக்கணும்."

வாங்கிப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுத்த தாள். கீழே கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தை மனைவி ஒரு வெள்ளைக் காகிதத்தால் மறைத்திருந்தாள். கோடு எதுவும் இல்லை, பென்சில் கோட்டையெல்லாம் அழித்திருக்கிறாள். எழுபத்திரண்டாயிரம் பழைய கம்பீரத்தோடு நின்றது.

"யார் போட்டதுன்னு அம்மா சொன்னாங்களா?"

"சொல்லலை. இந்த ஏழு மட்டும் நீ போடற ஏழு மாதிரியே இருக்குப்பா, நடுவுல கோடு போட்டு."

"நிறைய பேர் அப்படித்தான் போடுவாங்க" என்றார். "சரி, எழுதிக்கோ. தேர்வுக் கட்டணத்துல சேதாரம் கிடையாது, அது ஒண்ணு. வீட்டு ஆளே செய்யற வேலைக்குக் கூலி போடக் கூடாது, அது ரெண்டு."

"மூணாவது?"

"மூணாவது தப்பே இல்லையே. அம்மா தப்பா எண்ணியிருப்பாங்க."

"வரவு இல்லைன்னு போட்டிருக்காரேப்பா. படிச்சு முடிச்சா மாசம் ஒன்பதாயிரம் சம்பளம்னு அம்மா சொன்னாங்க, அதை விட்டுட்டார். எங்க கிளாஸ்ல மொதல்லயே எல்லாரும் அதைத்தான் சொன்னோம்."

"அது தப்பில்லம்மா. டெலிவரி அன்னைக்கே எஸ்டிமேட் முடிஞ்சுடும். அதான் முறை."

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"பரவாயில்லப்பா. மெதுவா புரிஞ்சுக்கறவங்க பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."