மூணு மில்லி ஓரம்

பிறந்ததற்கு அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ். வாழ்வதற்கு அத்தாட்சி விசிட்டிங் கார்டு. பணி ஓய்வு பெற்ற மறுநாளே இந்தப் பேருண்மை எனக்கு விளங்கிவிட்டது. உடனே கல்வராயன் மலை அவசர ஊர்திச் சங்கத்தில் 'கௌரவச் செயலாளர்' ஆனேன்.

சங்கத்துக்கு ஒரே ஜீப். பெரிய வண்டி ஏறாத மலைப்பாதைக்கு அதுதான் கதி. போன் செய்தால் போய் ஏற்றி வரும். அந்த நம்பரை வீடுவீடாகச் சேர்க்கத்தான் கார்டு. கரியாலூருக்கு மேலே குடியிருக்கும் மாதன் அதற்காக இரண்டு முறை இறங்கி வந்துவிட்டார். மகள் கவியாவுக்கு நிறைமாதம்.

"நம்பர மட்டுமாச்சும் சொல்லுங்க. எப்ப வேணா வலி எடுக்கும்."

"விழாவுலதாம்பா வெளியிடணும். அதுவரைக்கும் ரகசியம்," என்றார் தலைவர் சுப்புராயன்.

நிர்வாகம் என்றால் இதுவல்லவா!

கள்ளக்குறிச்சியில் கார்டு வடிவமைக்கும் ஷாலினியிடம் போனோம்.

"சுத்தி மூணு மில்லி ப்ளீடு வுடணும் சார்."

"ரத்தமா?" தலைவர் பதறினார். "எனக்கு சுகரு ஜாஸ்திம்மா."

"இல்ல சார், கலரு மூணு மில்லிமீட்டர் வெளிய போவணும். அச்சடிச்சதும் கத்தி அந்த ஓரத்த வெட்டிடும். அப்புறம், எழுத்தையெல்லாம் படமா மாத்தி கர்வ் ஆக்கணும். இல்லாட்டி அச்சகத்துல தமிழு கட்டங்கட்டமா வந்துடும்."

"கர்வமா? அதுக்கு இன்னா பஞ்சம்? தாராளமா ஆக்கு."

எழுத்துக்கே கர்வம் ஏற்றிய முதல் சங்கம் எங்களுடையதுதான்.

பாதிக் கார்டில் தலைவர் முகம். மீதியில் 'மலைவேந்தர்', 'மனிதநேய மாமணி', 'முன்னாள் துணைத்தலைவர்', 'இந்நாள் தலைவர்', 'எந்நாளும் தொண்டர்'.

"சார், நம்பரு வெட்டுற ஓரத்துல நிக்குது. ஒரு பட்டத்த எடுத்துட்டா உள்ள வந்துடும்," என்றாள் ஷாலினி.

தலைவர் திரையில் பட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "எத எடுப்ப? நீயே சொல்லும்மா, இதுல எது பொய்யி?"

அவசரக் கூட்டம் கூட்டினோம். மூன்று மணி நேரம், இரண்டு தட்டு வடை. 'பட்டங்கள் பறிக்கப்படா, நம்பர் தன் சொந்தப் பொறுப்பில் நிற்கலாம்' என்று ஏகமனதாகத் தீர்மானம். மாதிரிப் பிரதியில் 'சரி' என்று பச்சை மையில் கையெழுத்திட்டவன் அடியேன்.

அச்சகத்துக் கத்தி பட்டங்களுக்கு மரியாதை கொடுத்தது. நம்பரை வெட்டியது. இரண்டாயிரம் கார்டில் ஒன்றில்கூடப் பாரபட்சம் இல்லை. நாங்கள் கவனிக்காமல் இல்லை. ஆனால் பந்தல் போட்டாயிற்றே! கரியாலூரில் விழா எடுத்து, முதல் கார்டை மாதன் கையிலேயே கொடுத்தோம்.

எட்டாம் நாள் கவியாவுக்கு வலி கண்டது. புடவையை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி வழியிலேயே பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்தது சங்கத்தின் சாதனை அல்ல என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

தலைவரும் நானும் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"இன்னாப்பா மாதன், கார்டு குடுத்தோம்ல? ஒரு போன் அடிச்சா கொறைஞ்சா போயிடுவ?"

மாதன் மடியிலிருந்து கார்டை எடுத்தார். "இதுல நம்பரே இல்லீங்க. உங்க மூஞ்சிதான் இருந்துச்சு. ஒருவேள அதத்தான் அழுத்தணுமோன்னு ஆளுக்கொரு வாட்டி அழுத்திப் பாத்தோம். வண்டி வரல."

வாங்கிப் பார்த்தேன். முதல் தரமான லேமினேஷன். அத்தனை பேர் அழுத்தியும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கார்டிலும் சரி, பக்கத்தில் ஆப்பிளோடு நின்றவரிடமும் சரி. பச்சை மையில் 'சரி' போட்ட என் முகத்தை நான் தடவிப் பார்த்துக்கொள்ளவில்லை.