நின்றபடி எடுத்த அளவு

முதலில் ஒரு விடுகதை. ஒரு போட்டி உண்டு. அதில் முந்தி ஓடினால் மதிப்பெண் போய்விடும். துள்ளினாலும் போய்விடும். சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நின்று, சத்தம் காட்டாமல் வெளியே வந்தால் பாராட்டு. அது என்ன?

கல்யாண வாழ்க்கை என்று சொன்ன ஆண்கள் கையை இறக்கலாம். உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் விடை அதுவல்ல. டிரெஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டி. மைதானத்துக்குள் குதிரை நடக்க வேண்டும், வட்டம் போட வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார். என் பத்து வயது மகள் முதல் தடவையாக அதில் கலந்துகொண்டாள். அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள். வெளியே மட்டும் சொல்ல வேண்டாம்.

நான் பள்ளிச் சீருடை தைக்கிறவன். இருபது வருடத் தொழில். என் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் புன்னகையோடு உட்கார வைத்து, அவர்களே எழுந்து உள்ளே போகும்படி செய்வது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலைதான். நோயாளி மட்டும் ஒருவன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குதிரைப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. மனைவி சத்தமாகப் படித்தாள்.

“தாடைப் பட்டி வெச்ச தலைக்கவசம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கருநீலக் கோட்டு, கையுறை, பூட்ஸ். முடியை வலைக்குள்ள அடக்கிடணும். குதிரைக்குச் சாதாரண சேணம், சாதாரண கடிவாளம், சேணத்துக்கு அடியில வெள்ளை விரிப்பு. வேற எதுவும் மாட்டக் கூடாது. முதல் தடவை வர்றவங்களுக்கு எல்லாமே பள்ளியில இரவல் தர்றாங்களாம்.”

“இரவலா?”

“சுத்தமா, அளவா இருந்தா போதும்னு போட்டிருக்குங்க.”

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தைக்கிறவன் பொண்ணு, யாரோ கழட்டிப் போட்டதைப் போடறதா? நான் தைக்கிறேன்.”

“குதிரை ஏற சீருடைத் துணி ஆகாதுங்க. இழுத்தா நீளணுமாம்.”

“நீ பல்லைப் பாரு. துணியை நான் பார்த்துக்கறேன்.”

“நான் பல்லைப் பார்க்கறதில்ல. வர்றவங்க பேசறதைக் கேட்டுக்கறேன், அவ்வளவுதான். அதுவே போதும் போதும்னு இருக்கு.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

“அவ மைதானத்துக்குள்ள போறப்ப அவ மேல என் தையல்தான் இருக்கும். எழுதி வெச்சுக்கோ!”

“எழுதவே வேண்டாம். மறக்காது.”

அன்றே மகளை நிற்க வைத்து அளவெடுத்தேன். நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டு, குதிகாலைச் சேர்த்து. பள்ளியில் காலையில் வரிசையில் நிற்பார்களே, அப்படி. இருபது வருடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எடுக்கிறேன். அதோடு, பிள்ளைகள் வளர்கிறவர்கள் என்பதால் கையிலும் காலிலும் இரண்டு அங்குலம் கூட்டினேன்.

“இந்த மூணு வாரத்துல ரெண்டு அங்குலம் வளர்ந்துடுவாளா?” என்றாள் மனைவி.

“அப்பா, வந்து...” என்றாள் மகள்.

“பேசாதேம்மா, அளவு தப்பிடும்” என்றேன்.

கோட்டு பிரமாதமாக வந்தது. பழக்கதோஷத்தில் நெஞ்சில் ஒரு பை வைத்து, அதில் பள்ளி முத்திரை தைக்கிற இடத்தையும் விட்டிருந்தேன். கால்சட்டை மடிப்புக் கலையாமல் கத்தி மாதிரி நின்றது. கருநீலத் துணி மிச்சமானது. வீணாக்குவானேன் என்று குதிரையின் நாலு காலுக்கும் சுற்றுகிற மாதிரி நாலு பட்டை தைத்தேன். பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் பயப்பட வேண்டும். அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

போட்டி நாள். மகளுக்குக் கிடைத்த குதிரை வயதானது, சாது. லாயத்தில் எல்லாரும் அதைப் ‘பெரியவர்’ என்பார்கள். பெரியவர் காலில் நானே பட்டை சுற்றினேன். கையில் அட்டையோடு ஒரு மேற்பார்வை அம்மாள் வந்தார். குதிரையின் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“குதிரைக்கு யாருங்க சீருடை போட்டது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கால்ல ஏதாவது கட்டியிருந்தா உள்ள விடமாட்டோம். தாள்லயே போட்டிருக்கோமே. அவிழ்த்துடுங்க.”

முட்டி போட்டு அவிழ்த்தேன். பெரியவர் என் தலையை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுவதற்குள் மகள் குதிரை ஏறப் போனாள். மர ஏறுபடியில் நின்று இடது காலைத் தூக்கிச் சேணத்தில் தொங்கும் மிதி வளையத்துக்குள் வைத்தாள். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். சீருடைத் துணி கிழிந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று அந்த மைதானத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை தையல் விட்டிருந்தது.

மகள் காலை இறக்கினாள். இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கோட்டுக் கை நீளமாக இருந்ததால் அவள் விரலே தெரியவில்லை.

“பரவாயில்லப்பா” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. காது வரை சுட்டது எனக்கு.

“இன்னும் கால் மணி நேரம் இருக்கு, வா” என்று மனைவி அவளைச் சேணங்கள் வைக்கும் அறைக்குள் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன். மனைவி தோள்பையைத் திறந்தாள். துவைத்து மடித்த கால்சட்டை, கோட்டு. கால்சட்டையை மகள் மாட்டி, குந்தி எழுந்து பார்த்தாள். சத்தமே இல்லை.

“இது எப்ப வாங்கினே?”

“நீங்க அளவெடுத்த மறுநாள். பள்ளியில இரவல் கேட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேனே. நீங்கதான் எழுந்து நின்னுட்டீங்க.”

இரவல் கோட்டை எடுத்துப் புரட்டினேன். தொழில் புத்தி போகாதே. தோள் எடுப்பாக இருந்தது. உட்கார்ந்தால் விரிவதற்குப் பின்னால் ஒரு பிளவு. கை மணிக்கட்டோடு நின்றது. தையல் இருந்த இடமே தெரியவில்லை.

“பள்ளியில நல்ல ஆளாத்தான் வெச்சிருக்காங்க” என்றேன், மனசில்லாமல்.

“பள்ளியில குடுத்தப்ப தொளதொளன்னு இருந்துச்சு. பிடிச்சுத் தச்சவர் நம்ம எதிர்க்கடைக்காரர்.”

எதிர்க்கடைக்காரர் என்றால், என் கடைக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருப்பவர். ஏழு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவருக்குத் தைக்கவே தெரியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

“அந்த ஆளா!”

“உட்காருங்க, சொல்றேன்.” உட்கார்ந்தேன். அவள் வேலை அப்படி. “நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ரெண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு இவளை உட்கார வெச்சுத்தான் அளவெடுத்தாரு. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘இதைப் போட்டுட்டு நீ என்னம்மா பண்ணப் போறே?’ன்னு.”

நான் அதைக் கேட்கவில்லை. மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை.

ஆனாலும் ஆசை விடுமா? கால்சட்டைதானே கிழிந்தது. என் கோட்டு முழுசாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, கோட்டுக் கைகளை உள்பக்கம் மடக்கிக் குத்தினேன். இரண்டே நிமிடம். ஒரு பக்கம் சரியாக வந்தது. இன்னொரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது.

“இப்ப பாரு, அளவாயிடுச்சு!” என்றேன்.

மனைவி இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். “என்னைப் பார்க்காதீங்க. அவளைக் கேளுங்க.”

கேட்டேன். “உனக்கு எதும்மா வேணும்?”

மகள் என் கோட்டின் கையைத் தடவிப் பார்த்தாள். புடைத்த இடத்தை ஒரு தடவை அமுக்கினாள். அது மறுபடி எழுந்துகொண்டது.

“கடிவாளத்தை எப்படிப் பிடிக்கறோம்னு நடுவர் பார்ப்பாங்கப்பா” என்றாள்.

எதிர்க்கடைக்காரர் தைத்ததைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறினாள்.